மூன்றாம் வீட்டுக் குமிழ்

குளிர்காலத்துக்கென்று நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற அந்த ஐப்பசி ஞாயிறு விடிந்தபோது எங்கள் ஒழுங்கையின் சூடெல்லாம் இடம் மாறிப் போயிருந்தது. லண்டனின் வடமேற்கு மூலையில் ஒரு சின்னத் தெரு, சுவரோடு சுவர் ஒட்டின பதினான்கு வீடுகள். ஆறாம் வீட்டுக்காரனான நான் வழக்கம்போல எழும்பி, முன் விறாந்தைச் சுவரில் பொருத்தியிருக்கிற ஹீற்றரின் குமிழைப் பிடித்து மூன்றுக்குத் திருகினேன். என் வீட்டு இரும்பெல்லாம் பச்சைத்தண்ணியாய்க் கிடக்க, பன்னிரண்டாம் வீட்டில் சூடு பிடித்தது. பன்னிரண்டாம் வீட்டுக்காரர் திருக இரண்டாம் வீட்டுக்குச் சூடு போனது. பொயிலர் அவரவர் குசினியில்தான் எரிந்தது, குழாயும் அவரவர் குழாய்தான், விறாந்தைக் குமிழ் மட்டும் வேறொரு வீட்டுக்குச் சேவகம் செய்யத் தொடங்கியிருந்தது. அதைத் திறந்தால் அந்த வீடு முழுக்கச் சூடு, மூடினால் அந்த வீடு முழுக்கக் குளிர். காஸ் பில் யாருடைய பெயரில் வந்தது என்று கேட்காதேயுங்கோ, அது வேறு சண்டை.

ஒருத்தரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஊர்விட்டு வந்த நாடு, சட்டம் எப்போது மாறும் என்று யார் கண்டது, கடிதம் ஏதும் வந்திருக்கும், நாங்கள்தான் பிரித்துப் பார்க்கவில்லை என்று பாதிப்பேர் நினைத்தார்கள். மற்றப் பாதிப்பேர் றெஜிக்குப் போன் பண்ணினார்கள். றெஜி என்கிற றெஜினோல்ட், பாசையூர்ப் பெடியன், பெடியன் என்றாலும் நாற்பது தாண்டியவன், எங்கள் பக்கத்துப் பொயிலர், ஹீற்றர் எல்லாவற்றுக்கும் அவன்தான் கை. வந்தான். சின்னத் திறப்பொன்றைப் போட்டுத் திருகி ஒவ்வொரு ஹீற்றரின் மேல்மூலையையும் திறந்து காற்று இருக்கிறதா என்று பார்த்தான், காற்றில்லை, தண்ணிதான் பீச்சியது. அடியைத் தடவிச் சேறு கட்டியிருக்கிறதா என்று பார்த்தான், அதுவுமில்லை. பிறகு எழும்பிக் கையைத் துடைத்தான்.

"மேல் மட்டும் குளிர்ந்தால் காத்து, கீழ் மட்டும் குளிர்ந்தால் சேறு, முழுக்கக் குளிர்ந்தால் குமிழ். இது குமிழ். ஆனா குமிழ் உங்கடை வீட்டிலை இல்லை" என்றான். "ஆரின்ரை வீட்டிலை கிடக்கெண்டு நீங்கள்தான் உங்களுக்குள்ளை கதைச்சுக் கண்டுபிடிக்க வேணும். அதுக்கு என்னட்டைச் சாமான் இல்லை."

கண்டுபிடிக்கும் பொறுப்பை இரண்டாம் வீட்டு அருந்தவராசா எடுத்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர், எதற்கும் ஒரு பட்டியல் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு, ஒன்றாம் வீட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வீடும் குமிழைத் திருக வேண்டும், மற்ற வீடுகள் காதைக் குழாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று வட்ஸ்அப்பில் அறிவித்தார். திருகும் நேரம் சூடு போகிற வீட்டுக் குழாயில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திறக்க ஒரு டொக், மூட ஒரு டொக். எல்லாரும் திறந்து, டொக், உடனேயே மூடி, டொக், இனிக் கேட்டு வரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். எட்டாம் வீட்டுப் போலந்துக்காரர் இரவு வேலைக்காரர், கதவு திறக்கவில்லை. பதின்மூன்று பூட்டிக் கிடந்தது. மற்றபடி பட்டியல் நிரம்பியது. மூன்றாம் வீட்டின் சூடு எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. அந்த வீட்டு ஞானேஸ்வரி கதவை நாலு விரல் திறந்து, "எனக்கொண்டும் பிரச்சினையில்லை அண்ணை, நீங்கள் மற்றாக்களைப் பாருங்கோ" என்று சொன்னபடியால் அருந்தவராசா அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

பிறகு முறைகள் வந்தன. முதல் கிழமை போனில் கேட்டார்கள், "அண்ணை, ஒருக்கா எங்கடையைத் திறந்து விடுறியளே?" என்று. இரண்டாம் கிழமை ஐந்தாம் வீட்டு மனுசி, போனில் கேட்பது மரியாதை இல்லை, சூடு என்ன கடைச் சாமானா என்று முகத்தை நீட்டிக்கொண்டு குமிழை மூடிவிட்டா. அதோடு நேரே போய்க் கேட்பது என்றாகியது. வாசலில் நின்று கேட்பது பிச்சைக்காரர் வேலை, ஆனபடியால் உள்ளே போய் இருக்க வேண்டும். இருந்தவுடன் கேட்பது ஆலாய்ப் பறக்கிற பறக்காவெட்டித்தனம், ஆனபடியால் தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, எழும்பும்போது, "அப்ப, எங்கடை வீட்டுச் சூடு உங்களிட்டை இருக்கு" என்று ஒரு சொல்லுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குரிய ஆள்தான் கேட்க வேண்டும், ஆள்விட்டுக் கேட்டால் செல்லாது. விளக்கு வைத்தபிறகு உப்பும் காசும் கொடுக்கக் கூடாது என்றால் சூடு மட்டும் கொடுக்கலாமா என்று யாரோ கேட்க, அதுவும் முறையாகியது. மார்கழியில் இந்த நாட்டில் நாலு மணிக்கு முன்னமே விளக்கு வைக்க வேண்டியிருந்ததால் மத்தியானத்துக்குப் பிறகு ஒழுங்கை முழுக்க ஒரே ஓட்டமாக இருக்கும்.

நாலாம் வீட்டுக்காரரின் பெரியம்மா கோப்பாயில் செத்துப்போக, அந்த வீட்டுத் துடக்கு, அதுதான் சாவுத் தீட்டு, குழாய் வழியாகப் பத்தாம் வீட்டுக்கும் போகுமோ என்று ஒரு கேள்வி வந்தது. அருந்தவராசா ஐயருக்குப் போன் போட்டார். சூட்டுக்குத் துடக்கில்லை, திருகுகிற கைக்குத்தான் துடக்கு, ஆனபடியால் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற பிள்ளையைத் திருகச் சொல்லுங்கோ என்று ஐயர் சொன்னார். ஒன்றாம் வீட்டு வெள்ளைக்கார மிஸிஸ் டோவ்ஸனும் பழகிவிட்டா. கேட்டு வருகிறவர்களுக்குப் பிஸ்கட் தட்டோடு கதிரை போட்டு வைப்பா, போகும்போது அவதான் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்பா.

எண்ணும் ஒரு பேச்சாகியது. குமிழில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதியிருக்கும், ஐந்து முழுச்சூடு. கலியாணப் பேச்சில்கூட, "நல்ல ஆக்கள், ஆனா மூண்டுக்கு மேலை விடமாட்டினம்" என்று ஒரு குடும்பத்தைத் தட்டிவிட்டார்கள். ஐந்தில் விடுகிறவர்கள் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருத்தரும் இருக்கவில்லை. நானே இரண்டரைதான், ஏன் பொய் சொல்ல வேணும். பங்குனியில் நேரத்தை முன்னுக்கு வைத்த அன்று எல்லாக் குமிழும் தன்பாட்டில் பழையபடி அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. அது பெரிய கதையில்லை.

கதை பதினொராம் வீட்டில் இருந்தது. அங்கே இருந்தவ புஷ்பகாந்தி, மூன்றாம் வீட்டு ஞானேஸ்வரியின் கூடப்பிறந்த தங்கச்சி. எட்டு வீடு தள்ளி இருந்த அக்காவும் தங்கச்சியும் முகம் பார்த்துக் கதைத்து ஆறு வருசம். ஞானேஸ்வரியின் மகளுக்குக் கலியாணம் வந்தது, கலியாணம் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் சோடியாகக் குங்குமத் தட்டோடு வீட்டுக்கு வந்து, இருந்து, வாயால் சொல்லி அழைக்க வேண்டும், அதுதான் அழைப்பு. புஷ்பகாந்திக்கு வந்தது தபாலில் ஒரு கார்ட். அதுவும் விலை குறைந்த இரண்டாம் தர முத்திரை ஒட்டி. "கூடப்பிறந்தவளைத் தபாலிலை அழைக்கிறவளின்ரை வாசலை நான் செத்தாலும் மிதியன்" என்று கலியாணத்துக்குப் போகாமல் விட்டவ, அந்தக் கடித உறையை இன்றைக்கும் சாமித்தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வாய்க்கு ஆறு வருசமும் அந்த முத்திரைதான் தீனி.

சோதனை பார்த்த ஞாயிறு மூன்றாம் வீட்டு முறை வந்தபோது டொக் கேட்டது பதினொராம் வீட்டில். எல்லாருக்கும் இரண்டு கேட்க, புஷ்பகாந்திக்கு ஒன்றுதான் கேட்டது. வீடும் சூடாகவில்லை.

"கண்டியளே! திறக்கவே இல்லை. மூடினதை இன்னும் இறுக்கிப்போட்டு இருக்கிறா" என்றா புஷ்பகாந்தி. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அருந்தவராசா பட்டியலில், 'ஒரு சத்தம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மார்கழியில் அவவின் மனுசன் யோகராசா நியூமோனியாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பத்தொன்பது நாள் கிடந்து, பாதி உடம்போடு திரும்பி வந்தார். வீட்டைச் சூடாக வைத்திருங்கள், இன்னொரு தரம் சளி பிடித்தால் தாங்காது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். கரண்ட் ஹீற்றர் இரண்டு வாங்கிக் கொளுவினார்கள், பழைய வயர், இரண்டையும் சேர்த்துப் போட்டால் வீடே இருண்டுவிடும். ஒன்றைப் போட்டால் அவர் கால்மாட்டுக்கு மட்டும் காணும், தொண்டை காய்ந்து இருமல் கூடும். எங்கள் வீட்டுக்கு வாங்கோ என்று நாலைந்து பேர் கேட்டுப் பார்த்தோம். "ஆஸ்பத்திரிக் கட்டில் காணும், இனி என்ரை கட்டிலாலை நான் இறங்கன்" என்று அவர் மூன்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். தை பிறந்தபோது அவருடைய இருமல் பத்தாம் வீட்டுச் சுவரையும் தாண்டி ஒன்பதாம் வீட்டில் கேட்டது.

புஷ்பகாந்தி றெஜியை மறுபடி கூப்பிட்டா. அவன் ஒவ்வொரு ஹீற்றராகக் கழற்றிப் பார்த்துவிட்டு விறாந்தையில் வந்து நின்றான்.

"அக்கா, இஞ்சை ஒரு பிழையும் இல்லை. மூண்டாம் வீட்டிலை போய்க் கேட்டனீங்களோ?"

"தபாலிலை அழைச்சவளிட்டையோ?"

"அண்ணையின்ரை இருமலைக் கேளுங்கோ."

"எனக்குக் காது இல்லையே றெஜி? பயத்திலை நான் நித்திரை கொண்டு கனநாள்" என்று சொல்லும்போதே அவவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆனா என்ரை கால் அந்தப் பக்கம் எழும்புதில்லை. நான் என்ன செய்ய?"

றெஜி சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், துடக்கும் தெரியாது, விளக்கு வைக்கிற நேரமும் தெரியாது, வீட்டுக்குரிய ஆள்தான் கேட்க வேண்டும் என்ற முறையும் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படுகிற ஆளில்லை. நாலேகால் மணிக்குச் சாமான் பெட்டியோடு நேரே நடந்து போய் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினான். ஞானேஸ்வரி திறந்தா. தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தா, எங்கேயோ வெளிக்கிட்டு நிற்கிறா என்று அவன் நினைத்தான். உள்ளே கால் வைக்க, குளிரில் அவன் வாயிலிருந்து புகை போனது. விறாந்தை ஹீற்றரைக் குனிந்து பார்த்தான். குமிழ் ஐந்தில் நின்றது.

"இது எப்ப திறந்தது அன்ரி?"

"அந்தச் சோதிச்ச ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி. அதுக்கு முன்னம் ஆறு வருசமா மூடிக் கிடந்தது, என்ரை விறாந்தைக்கு ஆர் வாறது? சூடு தங்கச்சி வீட்டை போகுது எண்டு அருந்தவராசா அண்ணை சொன்னார், அஞ்சிலை விட்டனான், விட்டது விட்டபடி கிடக்கு. மற்றாக்கள் போலை திறந்து மூடி விளையாட எனக்கென்ன, அவள் வந்து கேட்கத்தான் வேணுமே?" தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, "ஆனா ஒரு சொல்லு, றெஜி. 'அக்கா, காணும், நல்ல சூடு' எண்டு ஆரிட்டையாவது ஒரு சொல்லுச் சொல்லி விட்டிருக்கலாம். அவ்வளவு நெஞ்சழுத்தம்" என்றா.

"அங்கை சூடு போகேல்லை அன்ரி."

"என்ன?"

"ஒரு துளி போகேல்லை. அண்ணை மூண்டு போர்வைக்குள்ளை கிடக்கிறார்."

ஞானேஸ்வரி அப்படியே மாடிப்படியில் இருந்துவிட்டா. "ஐயோ, நான் அஞ்சிலையெல்லே விட்டனான்" என்று கையால் குமிழைக் காட்டினா.

றெஜி குமிழின் கழுத்து வளையத்தைக் கையால் கழற்றி அதன் தலையைத் தூக்கி எடுத்தான். உள்ளே ஒரு மெல்லிய ஊசி, விரல்நகம் அளவுதான். குமிழை மூடினால் அது ஊசியை உள்ளே அமத்தும், திறந்தால் அந்த ஊசி தானாக மேலே வர வேண்டும். கன வருசம் மூடிக் கிடந்தால் ஊசி கீழேயே இறுகிப் போகும், பிறகு குமிழ் ஐந்து என்று சொல்லும், ஊசிக்குத் தெரியாது. இதுவும் இறுகியிருந்தது. கொஞ்சம் எண்ணெய் விசிறினான், ஸ்பானரின் பக்கவாட்டால் மெல்லமாகத் தட்டினான், குறட்டால் இழுத்தால் தண்ணி பீறிடும் என்பதால் இழுக்காமல், அமத்திவிட்டு விட்டான், அமத்திவிட்டு விட்டான், ஒரு கால்மணித்தியாலம் வயதான ஆளுக்கு முதுகு தட்டுகிற மாதிரிப் பொறுமையாகச் செய்தான். ஊசி பொட்டென்று எழும்பியது. எட்டு வீடு தள்ளி டொக் என்று கேட்டது, அந்த முறை எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அவன் திரும்பிப் பதினொராம் வீட்டுக்கு வர, ஹீற்றர் இரும்பு கிறுக் கிறுக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது. யோகராசா ஒரு போர்வையைக் காலால் தள்ளிவிட்டிருந்தார். றெஜி நடந்ததைச் சொன்னான்: உங்கடை அக்கா முதல்நாளே திறந்தவ, ஊசிதான் இறுகிப்போச்சு, உங்களுக்குக் கேட்ட ஒரு சத்தம் திறந்த சத்தம்.

புஷ்பகாந்தி ஹீற்றரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றா. "எத்தினையிலை விட்டிருந்தவ?"

"அஞ்சிலை."

"அஞ்சிலையோ?"

"ஓம். ஐப்பசியிலை இருந்து."

புஷ்பகாந்தி கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினா. வெறுங்கையோடு போகக் கூடாது என்பதும், விளக்கு வைத்து ஒரு மணித்தியாலம் என்பதும் அவவுக்கு நினைவில் இருக்கவில்லை. மூன்றாம் வீட்டுக் கதவு திறந்தது. ஆறு வருசத்தில் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் கிட்ட நின்று பார்த்தா. எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் சொல்கிற சொல்லையே சொன்னா.

"எங்கடை வீட்டுச் சூடு உங்களிட்டை இருக்கு, அக்கா."

"திறந்துதான் கிடக்கு. உள்ளை வா."

உள்ளே வந்து இருந்தா. அக்கா தேத்தண்ணி கொண்டுவர, கோப்பை ஆவியைவிட வாயாவி கூடுதலாகப் போனது.

"இஞ்சை என்ன இப்பிடிக் குளிருது?"

"என்ரை குமிழ் ஆரிட்டைக் கிடக்கெண்டு தெரியேல்லை."

"கேட்கேல்லையோ?"

"கேட்கிறதெண்டால் வீடு வீடாப் போகவேணும். தாலி அறுத்தவள், சனம் வேலைக்கு வெளிக்கிடுற நேரத்திலை வாசல் வாசலா நிண்டால் நல்லாயிருக்குமே?"

"ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல வேணுமே, பிள்ளை?" ஞானேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தா. "கலியாணத்துக்கும் அதுதான். அப்ப அத்தான் போய் ரெண்டு வருசம். சோடியாத்தான் போறது முறை, நான் சோடிக்கு எங்கை போறது? வெறும் நெத்தியோடை குங்குமத் தட்டைத் தூக்கிக்கொண்டு உன்ரை வாசலுக்கு வந்து, நாளைக்கு உனக்கொண்டு நடந்தால்? பயந்துபோனன். தபால்பெட்டிக்குக் கிட்டப் போய் நிண்டு அழுதுபோட்டுத்தான் போட்டனான்."

எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடு, ஆறு வருசம், ஞானேஸ்வரியின் மனுசன் எப்போது செத்தார் என்று எல்லாருக்கும் திகதியோடு தெரியும். அதையும் அந்த முத்திரையையும் ஒருத்தர்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

புஷ்பகாந்தி அழுதா, பிறகு கோபம் வந்தது. "விசரி! என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் வந்திருப்பனே சோடியா. ஊர் முழுக்க உன்னோடை நான் வந்து சொல்லியிருப்பனே." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "எழும்பு. கோட்டைப் போடு."

"போட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றா அக்கா.

பட்டியல்படி பார்த்தால் எட்டிலும் பதின்மூன்றிலும் மட்டும் கேட்டால் போதும். அவர்கள் ஒன்றாம் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். மிஸிஸ் டோவ்ஸன் பிஸ்கட் வைத்தா. இரண்டாம் வீட்டில் அருந்தவராசா கடிகாரத்தைக் காட்டி, விளக்கு வைத்தபிறகு முறையில்லையே என்று இழுக்க, "தள்ளி நில்லுங்கோ அண்ணை, அக்கா இருக்கவேணும்" என்று புஷ்பகாந்தி அவரைத் தாண்டிப் போனா. எனது வீட்டுக்கும் வந்தார்கள். தங்கச்சி அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தா. தேத்தண்ணி கொடுத்தேன், ஞானேஸ்வரி கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குடித்தா, எழும்பும்போது அந்தச் சொல்லைச் சொன்னா. என்னிடம் இருப்பது பன்னிரண்டாம் வீட்டுடையதல்லவா என்றேன்.

"தெரியும்" என்றா புஷ்பகாந்தி. "ஆனா இடையிலை ஒரு வீட்டை விட்டிட்டுப் போகக் கூடாது."

எட்டாம் வீட்டுப் போலந்துக்காரர் அப்போதுதான் நித்திரையால் எழும்பியிருந்தார். அவர்கள் சொன்னது பாதிதான் விளங்கியது. தேத்தண்ணிக்குப் பதிலாக ஏதோ சூப் கொடுத்தார், இருவரும் மச்சமோ மரக்கறியோ என்று பார்க்காமல் குடித்தார்கள். அவர்கள் போனபிறகு, விறாந்தை ஹீற்றரில் காயப்போட்டிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கீழே ஒளிந்திருந்த குமிழைக் கடைசிவரை திருகினார். மூன்றாம் வீட்டுக் குழாயில் டொக் என்றது. அங்கே அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அக்காவும் தங்கச்சியும் ஒன்பதாம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.